மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்: அதிகாரம் எங்கே இருக்கிறது, மனு எங்கே சிக்குகிறது

கேள்வி: எங்கள் ஊர் ஓடையில் இரவு நேரத்தில் சாயக்கழிவு வருகிறது. மேலே ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுத்தோம். வந்து பார்த்துவிட்டு ‘விதிமீறல் ஏதும் காணப்படவில்லை’ என்று பதில் அனுப்பிவிட்டார்கள். இந்த வாரியத்தின் வேலைதான் என்ன?

வாரியத்தின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இசைவாணை, அதாவது ஆலையைக் கட்டவும் இயக்கவும் அது தரும் அனுமதி. ஓர் ஆலை எவ்வளவு கழிவுநீரை உண்டாக்கலாம், அதை எங்கே எப்படி விட வேண்டும், புகைபோக்கி எத்தனை மீட்டர் உயரம் இருக்க வேண்டும், கசடை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். வாரியம் ‘விதிமீறல்’ என்று சொல்வது பெரும்பாலும் அந்த நிபந்தனைகளை மீறுவதைத்தான். இசைவாணையைப் பார்க்காமல் எழுதிய மனுவுக்கு, இசைவாணையைப் பார்க்காமலே பதிலும் எழுதிவிடலாம். நிறைய மனுக்கள் இங்கேதான் சிக்குகின்றன.

கொஞ்சம் பின்னணி தேவை. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால் 1974இல் நீர் மாசு தடுப்புச் சட்டம் கொண்டுவர, அரசமைப்பின் 252ஆவது பிரிவின்படி மாநிலங்களின் தீர்மானம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தின்கீழ்தான் ஒவ்வொரு மாநிலத்திலும் வாரியம் அமைந்தது. தமிழ்நாட்டில் 1982 பிப்ரவரி 27 அன்று அமைந்தது. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தை அமல்படுத்துவதும் இதே வாரியம்தான். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் அபாயகரக் கழிவு, மருத்துவக் கழிவு, பிளாஸ்டிக் கழிவு என்று வரிசையாக வந்த விதிகளும் வாரியத்தின் தலையில் ஏறிக்கொண்டே போயின. வேலை கூடிய அளவுக்கு ஆள் கூடவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. வாரியம் தன் செலவுக்குப் பெரிதும் நம்பியிருப்பது ஆலைகள் கட்டும் இசைவாணைக் கட்டணத்தை. யாரைக் கண்காணிக்கிறதோ அவர்களின் பணத்தில் ஓடும் அமைப்பு என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். மாவட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். அவருக்கு மேலே மண்டல அளவில் இணைத் தலைமைச் சுற்றுச்சூழல் பொறியாளர். ஆய்வகங்கள் தனி அலகு. 

இசைவாணை இரண்டு கட்டமாக வரும். கட்டுமானம் தொடங்கும் முன் நிறுவுவதற்கான இசைவாணை. கட்டி முடித்து, சுத்திகரிப்பு நிலையமும் தயாரான பிறகு, உற்பத்தி தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவாணை. இரண்டாவதைக் காலக்கெடுவோடு கொடுத்து, அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்வதே வெகுகாலமாக இருந்த வழக்கம். நீருக்குத் தனியாக 25ஆவது பிரிவின்கீழ், காற்றுக்குத் தனியாக 21ஆவது பிரிவின்கீழ் ஆணை இருக்கும். விண்ணப்பம் இணையவழியில் போகிறது; கட்டணம், நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றின் மொத்த மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீர்ச் சட்டத்தில் விண்ணப்பதாரருக்குச் சாதகமான ஒரு வாசகம் உண்டு: நான்கு மாதத்துக்குள் வாரியம் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் இசைவு கிடைத்ததாகவே கருதப்படும். கோப்பு தூங்கினால் யாருக்கு லாபம் என்று இதைப் படித்தால் புரியும்.

தொழில்களை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். நூறு மதிப்பெண்ணுக்கு மாசுக் குறியீடு போட்டுப் பிரிக்கும் முறை 2016இல் மத்திய வாரியம் கொண்டுவந்தது. 2025இல் எல்லைகளை மாற்றி, கழிவு மேலாண்மை போன்ற சேவைகளுக்கு நீலம் என்று புது வகையும் சேர்த்தார்கள். சாயமிடுதல், தோல் பதனிடுதல் எல்லாம் சிவப்பு. வெள்ளை வகைக்கு இசைவாணை தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். சிவப்பு வகை ஆலை ஆற்றுக்குப் பக்கத்தில் முளைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாடு அரசின் 1989ஆம் ஆண்டு அரசாணை 213, நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில்களுக்குத் தடை போட்டது. 1998ஆம் ஆண்டு அரசாணை 127, காவிரி, பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டராக்கியது. ஆலை எப்போது தொடங்கியது, எப்போது விரிவாக்கம் செய்தது என்பதை இந்த இரண்டு தேதிகளோடு ஒப்பிட்டால் சில சமயம் வழக்கே அங்கு முடிந்துவிடும்.

இசைவாணையைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கழிவுநீர் அட்டவணை. வெளியேறும் வாய் ஒவ்வொன்றுக்கும் எண், ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர், விடும் இடம் எது என்று மூன்று விவரம் இருக்கும். ‘விடும் இடம்’ என்ற கட்டத்தில் ‘மறுசுழற்சி’ என்று இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது. தரம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. ‘சொந்த நிலத்தில் பாசனம்’ என்று இருந்தால், அந்த நிலம் எத்தனை ஏக்கர், மழைக்காலத்தில் எங்கே தேக்குகிறார்கள் என்று கேளுங்கள். நீர்நிலையில் விட அனுமதி இருந்தால் அதற்குப் பொதுத் தர அளவு உண்டு: பிஓடி (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய் 10, அமிலகாரத் தன்மை 5.5 முதல் 9 வரை, மொத்தக் கரைந்த உப்பு (டிடிஎஸ்) 2100. குறிப்பிட்ட தொழிலுக்குத் தனி அளவு இருந்தால் அதுதான் செல்லும். அளவுகள் இசைவாணையின் இணைப்பிலேயே அச்சாகியிருக்கும்.

காற்றுப் பக்கம் எளிது, டேப் வைத்து அளந்துவிடலாம். ஜெனரேட்டர் புகைக்குழாய், கட்டடத்தின் உயரத்துக்கு மேல், அதன் கேவிஏ திறனின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் அளவு எழும்பியிருக்க வேண்டும். 250 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் ஏறக்குறைய 3.2 மீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில்கூட இதை மீறிய குழாய்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம், ஜன்னலுக்கு நேராகவே நீட்டியிருப்பார்கள்.

இப்போது உங்கள் ஓடைக்கு வருவோம். சாயக்கழிவில் இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது. நிறமும் பிஓடியும் ஒன்று. ரசாயனம் போட்டு வண்டலாக்குவது, நுண்ணுயிர்த் தொட்டியில் காற்றூட்டுவது ஆகியவற்றால் இவற்றைக் குறைத்துவிடலாம். உப்பு மற்றொன்று. பருத்தியில் சாயம் பிடிக்கச் சாதாரண உப்பையும் சோடியம் சல்பேட்டையும் கிலோகணக்கில் கொட்டுகிறார்கள். அது தண்ணீரில் கரைந்தே இருக்கும், நுண்ணுயிரால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே பளிங்குபோல் வெளியே வரும் தண்ணீரும் கிணற்றைக் கெடுக்கும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் நடந்தது இதுதான். 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது. கடைசியில் அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. பூஜ்யக் கழிவு வெளியேற்றம் இல்லாமல் இயங்கக் கூடாது என்பது அதற்குப் பிறகு அங்கே தவிர்க்க முடியாததாகிவிட்டது.

பூஜ்யக் கழிவு என்றால் உயிரியல் சுத்திகரிப்பு, அதன் பிறகு சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, ஆர்ஓ ஒதுக்கும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பாக எடுப்பது என்ற வரிசை. மலிவான பகுதி முன்னே இருக்கிறது. எவாப்பரேட்டர் ஓட்ட ஆகும் நீராவிச் செலவு பின்னே இருக்கிறது. ஏமாற்று நடப்பது அந்தப் பின்பகுதியில். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 500 கிலோலிட்டர் கழிவுநீர். ஆர்ஓ 85 சதவீதம் மீட்கிறது என்று வைத்துக்கொண்டால் 75 கிலோலிட்டர் உப்புநீர் மிஞ்சும். எவாப்பரேட்டர் உண்மையில் 30 கிலோலிட்டர்தான் கொதிக்கவைக்கிறது என்றால் மீதி 45 எங்கே போகும்? ஒரு 20 லிட்டர் வாளியை 10 நொடியில் நிரப்பும் குழாய், நொடிக்கு 2 லிட்டர் விடும். 45,000 லிட்டரை ஊற்ற அதற்கு ஆறேகால் மணி நேரம் போதும். ஓர் இரவு.

அதனால் வந்து பார்க்கும் பொறியாளர் ஓடையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது. பகலில் வந்திருப்பார், ஓடை காய்ந்திருக்கும். பார்க்க வேண்டியது பதிவேடுகளும் மீட்டர்களும். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின் மீட்டர் இருக்கிறதா, அதில் மாத யூனிட் உற்பத்தியோடு ஏறி இறங்குகிறதா? உள்ளே வரும் கழிவுநீர், ஆர்ஓவில் மீண்ட நீர், எவாப்பரேட்டருக்குப் போன உப்புநீர் ஆகிய மூன்றுக்கும் மின்காந்த ஓட்டமானி இருக்கிறதா, மூன்றையும் கூட்டிக் கழித்தால் கணக்கு ஒத்து வருகிறதா? சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட் வாங்கிய ரசீதுகள் எங்கே? கசடு எத்தனை மூட்டை கிடங்கில் இருக்கிறது, அபாயகரக் கழிவாக எங்கே அனுப்பினார்கள்? அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது என்பது விதி, அனுப்பிய ஒவ்வொரு லாரிக்கும் உடன்செல் படிவம் இருக்கும். கசடு உலர்த்தும் பாத்தியில் செடி முளைத்திருந்தால் அந்த நிலையம் மாதக்கணக்கில் ஓடவில்லை என்று அர்த்தம். காற்றூட்டும் தொட்டியில் ஒரு லிட்டர் அளவுக்குவளையில் நீர் எடுத்து அரை மணி நேரம் வைத்தால் நுண்ணுயிர்க் கசடு அடியில் படிய வேண்டும். ஒன்றுமே படியாமல் சாயத்தண்ணீர் அப்படியே நின்றால், அந்தத் தொட்டி வெறும் தண்ணீர்த் தொட்டி. தரக் குறியீட்டில் மாட்டாமல் இருக்க நல்ல தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்வதும் நடக்கும். உள்ளே எடுத்த தண்ணீரையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டால்தான் அது பிடிபடும். பெரிய சிவப்பு வகை ஆலைகளில் தானியங்கி அளவிகள் பொருத்தி, கிண்டியில் உள்ள கண்காணிப்பு மையத்துக்குத் தரவு அனுப்புகிறார்கள். ஆனால் அளவி எந்தக் குழாயில் பொருத்தியிருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் அதன் மதிப்பு. மறைவுக் குழாயில் யாரும் அளவி பொருத்துவதில்லை.

மாதிரி எடுப்பதற்குச் சட்டம் ஒரு முறை வைத்திருக்கிறது, பல வழக்குகள் தோற்பது இங்கே. நீர்ச் சட்டம் 21ஆவது பிரிவின்படி, ஆலைப் பொறுப்பாளருக்கு அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரிய ஆய்வகத்துக்கு. ஆலைக்காரர் கேட்டால் மற்றொன்று மாநில நீர் ஆய்வகத்துக்கு. இப்படி எடுக்காத மாதிரியின் அறிக்கை, ஆலைக்கு எதிரான சாட்சியமாக நிற்காது. ஆய்வகத்துக்குப் போகும் வழியிலும் கெடலாம். பிஓடி மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து விரைவில் சேர்க்க வேண்டும். வெயிலில் ஜீப்பில் கிடந்தால் நுண்ணுயிர்கள் வழியிலேயே தின்றுவிடும், அளவு குறைந்து காட்டும். சிஓடிக்குக் கந்தக அமிலமும், உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலமும் விட்டுத் தனித்தனிப் புட்டியில் எடுக்க வேண்டும். எண்ணெய்க்கு அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டி. பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். ஒரே பிளாஸ்டிக் கேனில் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால் அந்த அறிக்கையை நம்ப வேண்டாம்.

நீங்கள் எடுக்கும் மாதிரி சட்டப்படியான மாதிரி ஆகாது. ஆனாலும் வீண் இல்லை. பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, பட்டறைக்கு மேலே உள்ள கிணறு, கீழே உள்ள கிணறு, ஓடை ஆகியவற்றை வாரம் ஒரு முறை அளந்து, தேதி நேரத்துடன் எழுதி வையுங்கள். மீட்டர் மின்கடத்துத் திறனை மைக்ரோசீமென்ஸில் காட்டினால் 0.64ஆல் பெருக்கினால் தோராயமான உப்பு அளவு மில்லிகிராமில் கிடைக்கும். மேலே 900, கீழே 3,800 என்பது போன்ற வேறுபாடு மூன்று மாதம் தொடர்ந்தால், ‘ஏதும் காணப்படவில்லை’ என்று எழுத எவருக்கும் கை வராது.

மீறல் உறுதியானால் வாரியம் என்ன செய்யும்? முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். பிறகு நீர்ச் சட்டம் 33-ஏ, காற்றுச் சட்டம் 31-ஏ பிரிவுகளின்கீழ் மூடும் உத்தரவு. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்க, அவற்றை வழங்கும் அமைப்புகளுக்கு நேரடியாகவே ஆணையிடலாம். வழக்கமாக ஆட்சேபம் சொல்ல 15 நாள் தர வேண்டும். சுற்றுச்சூழலுக்குக் கடும் கேடு வரும் என்று காரணம் எழுதினால் அதைத் தவிர்க்கவும் முடியும். மின் துண்டிப்புதான் வாரியத்தின் உண்மையான பலம். அபராதத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடும் முதலாளி, மின்சாரம் போனால் அன்றே கிண்டிக்கு வருவார். ஆனால் மறு இணைப்பு உத்தரவையும் கவனியுங்கள். எந்தக் குறையைச் சரிசெய்ததாகச் சொல்லி மறுபடி திறந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அதே குறை மறுபடி வந்தால் உங்கள் அடுத்த மனுவுக்கு அந்தத் தாள்தான் சான்று.

பணம் விஷயத்தில் சமீபத்தில் நிறைய மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: மாசுக் குறியீடு, மீறல் நாட்கள், ஆலை அளவு, ரூபாய்க் காரணி, இடக் காரணி ஐந்தையும் பெருக்க வேண்டும். சிவப்பு வகைக்கு 80, சிறு ஆலைக்கு 0.5, ரூபாய்க் காரணி வழக்கமாக 250, சிறிய ஊருக்கு 1. பெருக்கினால் நாளுக்கு 10,000 ரூபாய். 60 நாள் மீறலுக்கு 6 லட்சம். நாள் கணக்கு, மீறல் கண்ட தேதியிலிருந்து சரிசெய்தது உறுதியாகும் தேதிவரை ஓடும். ஆகவே உங்கள் முதல் மனு வாரியத்தில் சேர்ந்த தேதிக்கும், ஆய்வு நடந்த தேதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஆலைக்கு மிச்சமாகும் காசு. வாரியங்களுக்கே இழப்பீடு விதிக்கும் அதிகாரம் உண்டா என்ற சண்டை நீண்ட நாள் நடந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 33-ஏ, 31-ஏ பிரிவுகளின்கீழ் உண்டு, ஆனால் அதற்கான நடைமுறையை விதிகளாக வகுத்தபின் பயன்படுத்த வேண்டும் என்றது. இன்னொரு பக்கம், காற்றுச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2024 ஏப்ரல் முதல் மாறிவிட்டது; விதிப்பது நீதிமன்றம் இல்லை, அதற்கென்று நியமிக்கப்பட்ட தீர்ப்பு அலுவலர். நீர்ச் சட்டத்துக்கும் 2024இல் அதேபோல் திருத்தம் வந்தது. முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு மட்டும். மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். சிறைத் தண்டனை போனதற்காகப் பெரிதாக வருந்த ஒன்றுமில்லை. அது சட்டப் புத்தகத்தில் இருந்த காலத்திலும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன.

எல்லாப் புகாரும் வாரியத்துக்கு உரியதும் இல்லை. கோயில் திருவிழா ஒலிபெருக்கி, மண்டபத்து டிஜே என்றால் ஒலி விதிகள் 2000இன்படி காவல் துறையிடம் போங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை, பகலில் 55. ஆலை, ஜெனரேட்டர் சத்தம் என்றால் வாரியம். குப்பை அள்ளவில்லை என்றால் உள்ளாட்சி. குப்பைக் கிடங்கு எரிகிறது என்றால் உள்ளாட்சியோடு வாரியத்துக்கும் எழுதலாம். மணல், கிராவல் என்றால் கனிமவளத் துறை. ஏரி ஆக்கிரமிப்பு என்றால் நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும். வாகனப் புகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். மருத்துவக் கழிவு கண்டிப்பாக வாரியத்தின் வேலை. மருத்துவமனை அதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிய கேரள மருத்துவமனைக் கழிவை, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு அந்த மாநிலமே திரும்ப அள்ளிச் செல்ல வைத்ததற்கு, கழிவோடு கிடந்த மருத்துவமனைத் தாள்கள் பெரிதும் உதவின. இப்படி எதையாவது பார்த்தால் முதலில் அந்தத் தாள்களைப் படம் எடுங்கள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குழப்பம் இன்னும் அதிகம். கூட்டத்தை நடத்துவது வாரியம், தலைமை வகிப்பது ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி, ஆனால் அனுமதி கொடுப்பது இவர்கள் இருவருமே இல்லை. திட்டத்தின் அளவைப் பொறுத்து மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமோ மத்திய அமைச்சகமோதான் முடிவு செய்யும். வாரியம் நடந்ததைப் பதிந்து அனுப்புகிறது, அவ்வளவே. அதனால் கோஷம் போடுவதைவிட, 30 நாள் அறிவிப்புக் காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ரசீது வாங்குவது பயன் தரும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும். உங்கள் ஆட்சேபம் அதில் விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

இனி உங்கள் மனு. ‘ஓடை நாசமாகிவிட்டது, தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் தக்க பதில் வரும், நடவடிக்கை வராது. எப்படி எழுதலாம் என்றால்: இன்ன தேதி, இரவு 11.40 முதல் 1.15 வரை, இன்ன சர்வே எண்ணை ஒட்டிய சிறு பாலத்துக்கு 50 மீட்டர் மேலே, ஆறு அங்குல பிவிசி குழாயிலிருந்து கருநீல நீர் வந்தது, 20 லிட்டர் வாளி 10 நொடியில் நிறைந்தது, டிடிஎஸ் இவ்வளவு, இடக்குறியீடு பதிந்த படங்கள் இணைப்பு. பிறகு, இசைவாணையின் இன்ன நிபந்தனைப்படி அந்த ஆலை வெளியே விடக் கூடாது. அடுத்து, 21ஆவது பிரிவின்கீழ் இரவு நேரத்தில் மாதிரி எடுக்கவும், ஓட்டமானி, மின் மீட்டர், எவாப்பரேட்டர் பதிவேடு ஆகியவற்றின் மூன்று மாதப் பதிவுகளைச் சரிபார்க்கவும் கேளுங்கள். ஆய்வுக்கு வரும் நேரத்தை உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் ஆலைக்கும் தெரிந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அது நியாயமும்கூட. ஆய்வு அறிக்கையின் நகல் கேளுங்கள். பிரதிகளை ஆட்சியர், மண்டல அலுவலகம், வாரியத்தின் உறுப்பினர் செயலர் மூவருக்கும் அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.

இசைவாணை கிடைப்பது எப்படி என்றால், ஆர்டிஐ மனு 10 ரூபாய், 30 நாள். அதைவிட வலுவான வழி ஒன்று பலருக்குத் தெரியாது. நீர்ச் சட்டம் 25(6): நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும், அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம். மாவட்ட அலுவலகத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுக்க இடமில்லை. 49ஆவது பிரிவு இன்னொன்று: வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம், அப்போது தன்னிடம் உள்ள அறிக்கைகளை வாரியம் உங்களுக்குத் தர வேண்டும். பொதுநலனுக்கு விரோதம் என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். அந்த அறிவிப்பு போனாலே கோப்பு நகரும் சந்தர்ப்பங்கள் உண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. வாரியத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். அங்கே பெரும்பாலும் கூட்டு ஆய்வுக் குழு அமைப்பார்கள், அதில் மத்திய வாரியமும் வரும், அறிக்கையின் தொனியே மாறிவிடும். பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ‘மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கொள்கையை இப்போது தீர்ப்பாயச் சட்டமே ஏற்றிருக்கிறது. ஆனால் எந்தக் கதவு யாருக்கு என்பதில் கவனம் தேவை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் 2018 ஏப்ரல் 9 அன்று மறுத்தது, மே 28 அன்று அரசு மூட ஆணையிட்டது. அந்த ஆணைகளை டிசம்பரில் தீர்ப்பாயம் ரத்து செய்தது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. வழக்கு மறுபடி உயர் நீதிமன்றத்திலிருந்து தொடங்கி, 2024 பிப்ரவரியில்தான் முடிந்தது. ஆலை மூடியே இருந்தது, அதாவது வாரியத்தின் மறுப்பு நின்றது.

தீர்ப்பாயத்தில் காலக்கெடு கண்டிப்பானது. மாசைத் தடுக்கக் கேட்கும் மனு, காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள். இழப்பீடு கேட்பதானால் 5 ஆண்டுக்குள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். உங்களுக்கு ‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வந்த கடிதத்தின் தேதியை இப்போதே பாருங்கள். அதற்கு முன் நீங்கள் கொடுத்த முதல் மனுவின் தேதியைக் காட்டி ஆறு மாதம் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். புதிதாக ஓர் இரவு கழிவு வந்தால், அந்தத் தேதியோடு புது மனு ஒன்றை உடனே பதிவு செய்துவிடுங்கள்.